அன்று கறைபடிந்த நோட்டு, இன்று வருடச் சந்தா

வீட்டிலேயே பீர் காய்ச்சும் பக்கத்து வீட்டுப் பெரியவரின் நோட்டில் 1987 மார்ச் 14, சனிக்கிழமைக்கான பக்கம் இப்படி இருக்கிறது: மால்ட் பாகு 2 டின். கிரிஸ்டல் மால்ட் அரை பவுண்டு. கேஸ்கேட் ஹாப்ஸ் ஒன்றரை அவுன்ஸ், ஒரு மணி நேரம் கொதிக்க. இறக்கும்போது இன்னும் அரை அவுன்ஸ். ஈஸ்ட் 1 பாக்கெட். கீழே, மூன்று வாரம் கழித்து, வேறு பென்சிலில்: ‘கசப்பு போதாது. ஹாப்ஸ் கூட்டணும்.’ வலது மூலையில் டம்ளர் வைத்த பழுப்பு வட்டத்தில் பாதி.

அடுத்த ஈடு மே மாதம். பீருக்குக் கசப்பு தரும் ஹாப்ஸ் பூ இரண்டு அவுன்ஸ் ஆகியிருக்கிறது. அடியில் ‘இன்னும் போதாது.’ செப்டம்பரில் இரண்டேகால். ‘பரவாயில்லை, ஆனால் புத்தகத்தில் சொன்ன மாதிரி இல்லை.’ ஏன் சொன்ன மாதிரி வரவில்லை என்று பக்கம் பக்கமாகத் தேடியிருக்கிறார். அதே தெருவில் பல வருடம் கழித்துக் குடிவந்த என்னிடம், அதற்கான விடையை ஒரு ஆப் முதல் திரையிலேயே கேள்வியாகக் கேட்டது. நான் அதை நிரப்பாமல் தாண்டிப் போனேன்.

எங்கள் ஊர் கொலராடோ மாநிலத்தின் ஃபோர்ட் காலின்ஸ். ராக்கி மலைத்தொடரின் அடிவாரம். நியூ பெல்ஜியம் என்ற பெரிய பீர் ஆலை 1991இல் இங்கே ஒரு வீட்டின் நிலவறையில்தான் தொடங்கியது. அதை ஆரம்பித்த ஜெஃப் லெபெஷ் மின்பொறியாளர், அதற்கு முன் வீட்டில் காய்ச்சிப் பழகியவர். மொட்டை மாடியில் வடகம் காயவைப்பது போல, இங்கே கராஜில் பீர் காய்ச்சுவது ஞாயிற்றுக்கிழமை வேலை. தமிழ்நாட்டில் இதையே செய்தால் மதுவிலக்குச் சட்டத்தில் உள்ளே போக வேண்டியதுதான். வீடியோ காலில் அடுப்புமேல் இருந்த பானையைப் பார்த்த அம்மா, “என்னடா, அங்க போயி ஊறல் போட்டுருக்கே?” என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ‘ஊறல் அழிப்பு’ என்று செய்தித்தாளில் படித்தே நமக்குப் பழக்கம்; ஊறலுக்கு ஒரு அளவுப் பட்டியல் இருக்கும் என்று யார் நினைத்துப் பார்த்தார்கள்?

அமெரிக்காவிலும் நெடுங்காலம் அதே நிலைமைதான். 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு. அப்போது பீர் கம்பெனிகள் மால்ட் பாகை டின்னில் அடைத்து, ரொட்டி சுடுவதற்கு என்று சொல்லி விற்றன; பட்வைசர் பெயரிலேயே ஒன்று வந்தது. எத்தனை டின்னில் ரொட்டி சுட்டார்கள் என்பது வாங்கியவர்களுக்கே வெளிச்சம். டின், சீனி, ரொட்டி ஈஸ்ட் மூன்றையும் ஒரு ஜாடியில் கலந்து, நொதித்து முடிவதற்குள் பாட்டிலில் அடைத்து, நள்ளிரவில் அது வெடித்துச் சிதறும் சத்தம் கேட்டு எழுவதுதான் அந்தக் காலத்து வீட்டுப் பீர். மதுவிலக்கு நீங்கியபோது வீட்டில் வைன் போட அனுமதி கிடைத்தது, பீர் விடுபட்டுப்போனது. அந்த விடுதலை அதற்கு 1978 அக்டோபர் 14 அன்று கார்ட்டர் கையெழுத்துப் போட்ட சட்டத்தில்தான் வந்தது. 1979 பிப்ரவரி 1 முதல் ஒரு வீட்டில் இரண்டு பெரியவர்கள் இருந்தால் ஆண்டுக்கு 200 கேலன்வரை வரியில்லாமல் காய்ச்சலாம். மாநிலங்கள் தனித்தனியாக இறங்கிவந்தன. கடைசியாக வழிக்கு வந்த அலபாமாவுக்கும் மிசிசிப்பிக்கும் 2013 ஆகிவிட்டது. பிரிட்டன் இந்த விஷயத்தில் முந்திக்கொண்டது. 1963 பட்ஜெட்டிலேயே நிதியமைச்சர் மோட்லிங் வீட்டுப் பீருக்கான லைசென்ஸை எடுத்துவிட்டார். டேவ் லைன் என்ற மின்பொறியாளர் 1974இல் எழுதிய புத்தகத்தைப் பார்த்து, அங்கே ஒரு தலைமுறையே பிளாஸ்டிக் வாளியும் கையுமாகக் காய்ச்சக் கற்றுக்கொண்டது.

சட்டக் கதையை இவ்வளவு சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. திருட்டுத்தனமாகச் செய்வதற்கு யாரும் அளவு எழுதிவைப்பதில்லை. பெரிய ஆலைகளுக்குக் கணக்கு புதிதல்ல. டப்ளின் கின்னஸ் ஆலையில் வேலை பார்த்த கோசெட் 1908இல் ‘ஸ்டூடன்ட்’ என்ற புனைபெயரில் எழுதிய கட்டுரையில் பிறந்ததுதான் இன்று கல்லூரிப் புள்ளியியலில் படிக்கும் டி-சோதனை. அந்தக் கணக்கில் எதுவும் வீட்டுச் சமையலறைக்கு இறங்கி வரவில்லை. 1979இல் சட்டம் கதவைத் திறந்தபோது உள்ளே இருந்தது பாட்டி சொன்ன கைப்பக்குவம் மட்டும்தான்.

எங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கும் போல்டரில், சார்லி பபாஸியன் என்ற பள்ளி ஆசிரியர் மாலை வகுப்பில் காய்ச்சக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். 1978இல் நண்பரோடு சேர்ந்து அமெரிக்க வீட்டுப் பீர்க்காரர்கள் சங்கத்தைத் தொடங்கினார். 1984இல் வந்த அவர் புத்தகம் நூலாகப் பிரிந்துபோகும்வரை வீடுகளில் புரண்டது. பெரியவர் படித்ததும் அதைத்தான். அவருடைய பிரதியில் அட்டை இல்லை.

அன்றைக்குச் செய்முறை தேர்வது என்றால் புத்தகத்தைத் தேர்வது. வேறு எதைத் தேர? கடையில் ஹாப்ஸ் செங்கல் மாதிரி அழுத்திக் கட்டிக் கிடக்கும். எந்த வருடத்து அறுவடை, அதில் கசப்புத் தரும் ஆல்பா அமிலம் எத்தனை சதவீதம் என்று பெரும்பாலும் எழுதியிருக்காது. பச்சையாக இருந்தால் புதுசு, பழுப்பாக இருந்தால் பழசு. மூக்கில் வைத்துப் பார்த்து வாங்க வேண்டும், கொத்தமல்லி வாங்குகிற மாதிரி. ஆல்பா எழுதியிருந்தால் அதை அவுன்ஸால் பெருக்கி ஒரு எண் போடுவார்கள். 5.5 சதவீத ஹாப்ஸ் ஒன்றரை அவுன்ஸ் என்றால் எட்டேகால். கசப்புக் கணக்கு அவ்வளவுதான். எவ்வளவு நேரம் கொதித்தது, எத்தனை கேலன் பானை, சாறு எவ்வளவு கெட்டி என்ற எதுவும் அந்த எட்டேகாலுக்குத் தெரியாது.

மால்ட் பக்கத்தில் கணக்கு கொஞ்சம் நேர்மையாக நடந்தது. பார்லியை முளைகட்டி உலர்த்தினால் மால்ட். அதை உடைத்து வெந்நீரில் ஊறவைத்தால் மாவுச்சத்து சர்க்கரையாகிச் சாறாக இறங்கும். ஒரு பவுண்டு வெளிர் மால்ட்டில் இருக்கும் சர்க்கரை முழுவதையும் ஒரு கேலன் தண்ணீரில் இறக்க முடிந்தால், சாற்றின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் 1.037, அதாவது 37 புள்ளி, காட்டும். பத்து பவுண்டு போட்டால் 370 புள்ளி. நாம் என்ன ஆலையா, முழுவதையும் இறக்க? முக்கால்வாசி இறங்கினால் 277. ஐந்து கேலனில் பிரித்தால் 55. ஆக 1.055. மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவாக, 65 சதவீதம்தான் இறங்கியது என்றால் 1.048. முன்னதில் ஆல்கஹால் கிட்டத்தட்ட 5.4 சதவீதம் வரும், பின்னதில் 4.7. பெரியவரின் நோட்டில் 1990க்குப் பிறகு இந்தப் பெருக்கல் வகுத்தல் ஓரமெல்லாம் இறைந்து கிடக்கிறது. டின் பாகை விட்டுவிட்டு முழு மால்ட்டுக்கு மாறியிருக்கிறார்.

இந்த இடத்தில்தான் கம்ப்யூட்டர் உள்ளே வருகிறது. ஆனால் கம்ப்யூட்டருக்கு முன் சூத்திரம் வந்தது.

1990இல் பபாஸியன் தொடங்கிய சங்கத்தின் ‘ஸைமர்ஜி’ பத்திரிகை ஹாப்ஸுக்கென்றே சிறப்பிதழ் போட்டது. அதில் ஜாக்கி ரேகர், கொதிக்கும் நேரத்தை வைத்து எத்தனை சதவீதக் கசப்பு இறங்கும் என்று ஓர் அட்டவணை கொடுத்தார். சில வருடம் கழித்து கிளென் டின்செத் வேறு கணக்கு போட்டார். நேரத்தோடு சாற்றின் கெட்டித்தன்மையும் கசப்பை எப்படிப் பிடித்து இழுக்கிறது என்று ஒரு சமன்பாடு. மார்க் கேரட்ஸ் 1994இல் தன் பங்குக்கு ஒன்று. நிறத்துக்கு டான் மோரி ஒன்று. நிறத்தின் அலகு லோவிபாண்ட் என்பது 1885இல் கண்ணாடித் துண்டுகளை வைத்து பீரின் நிறத்தை அளந்த ஆங்கிலேயரின் பெயர். அந்தப் பழைய அலகில்தான் இன்றைய மால்ட் மூட்டையும் அச்சாகிறது.

ரேகர், டின்செத் இருவரின் சூத்திரத்துக்கும் நடுவே இருக்கும் தூரத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும். பத்து சதவீத ஆல்பா உள்ள ஹாப்ஸ் ஒரு அவுன்ஸ், ஒரு மணி நேரக் கொதி, ஐந்து கேலன், சாறு 1.055. டின்செத் கணக்கில் கசப்பு, அதன் அலகான ஐ.பி.யு.வில், 33. ரேகர் கணக்கில் ஏறக்குறைய 44. அதே பானை, அதே ஹாப்ஸ், அதே அடுப்பு. முப்பத்துமூன்றென்றால் பதமான பேல் ஏல். நாற்பத்துநான்கு என்றால் நாக்கு ஒரு கணம் நின்று யோசிக்கும். எது சரி என்று கேட்டால், ஆய்வகத்தில் ஐசோஆக்டேன் கரைப்பானில் பிரித்தெடுத்து 275 நானோமீட்டர் ஒளியில் அளந்தால்தான் தெரியும். வீட்டில் காய்ச்சுகிறவன் எந்த ஆய்வகத்துக்குப் போவான்? அவனுக்கு வேண்டியது சரியான எண் அல்ல, மாறாத எண். போன தடவை 33 என்று சொன்ன அதே வாய் இந்தத் தடவையும் சொல்ல வேண்டும். அப்போதுதான் நாக்கு அந்த எண்ணுக்குப் பழகும்.

‘எந்த மென்பொருள் நல்லது?’ என்று கேட்கிறவர்கள் தவறவிடுவது இதைத்தான். மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது, தெரிந்தோ தெரியாமலோ, ஒரு சூத்திரத்தைத் தேர்ந்தெடுக்கிறோம். இப்போது பெரும்பாலானவை டின்செத்தை வைத்துக்கொண்டு வருகின்றன, சிலவற்றில் மாற்றிக்கொள்ளலாம். பழைய புத்தகத்திலோ நண்பரிடமோ வாங்கிய செய்முறையில் ‘கசப்பு 40’ என்று இருந்தால், யார் போட்ட நாற்பது என்று கேட்காமல் ஆப்பில் ஏற்றக் கூடாது. அது ரேகரின் நாற்பதாக இருந்து, நீங்கள் டின்செத்தின் நாற்பது வரும்வரை ஹாப்ஸை அள்ளிப் போட்டால், வேப்பிலைக் கஷாயம்தான் மிஞ்சும்.

மென்பொருள்களின் வரிசையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 90-களில் ‘சட்ஸ்’ என்று ஒன்று, பிறகு ‘புரோமேஷ்’. இரண்டும் விண்டோஸில் ஓடியவை. ஒரு தடவை காசு கொடுத்தால் போதும். புரோமேஷுக்குப் புதுப் பதிப்பு வருவது நின்று பல வருடம் ஆன பிறகும் அதைவிட்டு நகராதவர்கள் இருந்தார்கள். பழைய கம்ப்யூட்டரை அதற்காகவே கராஜில் வைத்திருந்தவர்களும் உண்டு; பெரியவர் அவர்களில் ஒருவர். 2003இல் பிராட் ஸ்மித் ‘பீர்ஸ்மித்’தைக் கொண்டுவந்தார். அது 2011இல் இரண்டாம் பதிப்பு, 2018இல் மூன்றாம் பதிப்பு என்று இன்றும் நிற்கிறது. இலவசமாக, மூலநிரலோடு கிடைக்கும் ‘புரூடார்கெட்’ இன்னொரு பக்கம். பிறகு எல்லாம் பிரவுசருக்குள் போயிற்று: ‘புரூவர்ஸ் ஃபிரண்ட்’, ‘புரூடோட்’, நார்வேயிலிருந்து வந்த ‘புரூஃபாதர்’. தண்ணீரில் எவ்வளவு ஜிப்சம் போட்டால் பீருக்குப் பேர்போன இங்கிலாந்தின் பர்ட்டன் ஊர்த் தண்ணீர் மாதிரி ஆகும் என்று கணக்குச் சொல்ல, மார்ட்டின் புரங்கார்ட் என்ற பொறியாளர் ஒரு விரிதாளையே தயாரித்துக் கொடுத்தார்.

கணிப்பொறிக்காரர்களுக்கும் இந்தப் பொழுதுபோக்குக்கும் என்ன ஒட்டுறவோ தெரியவில்லை. ஆப்பிளின் முதல் கம்ப்யூட்டரை வாஸ்னியாக் காட்டிய, 1975இல் தொடங்கிய கலிஃபோர்னியாக் கம்ப்யூட்டர் சங்கத்தின் பெயரே ஹோம்புரூ, அதாவது வீட்டில் காய்ச்சியது. ஓ.எம்.ஆரில் மேக் வைத்து வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் தினமும் ‘புரூ இன்ஸ்டால்’ என்று தட்டுகிறார்களே, அந்தக் கருவியின் பெயரும் ஹோம்புரூ. அதற்குள் ஃபார்முலா, கேஸ்க், டேப், செல்லார் என்று மொத்தப் பீர்க் கடையே இருக்கிறது. பீப்பாயையே பார்க்காமல் கேஸ்க் இறக்கியவர்கள் சென்னையில் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள்.

இனி என் கதை. முதல் ஈடு காய்ச்ச ஒரு ஆப்பில் கணக்கு தொடங்கினேன். பெயர் வேண்டாம், தப்பு அதன்மேல் இல்லை. திறந்ததும் ‘உங்கள் பாத்திரம்’ என்று ஒரு பக்கம். எத்தனை கேலன் பானை, மணிக்கு எவ்வளவு சுண்டும், அடிவண்டலில் எவ்வளவு போகும், சர்க்கரை எத்தனை சதவீதம் இறங்கும், கடல்மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம். எல்லாக் கட்டத்திலும் ஏற்கெனவே ஏதோ ஓர் எண் இருந்தது. இறங்கும் சதவீதம் 75. சுண்டல் மணிக்கு ஒரு கேலன். உயரம் பூஜ்யம். அலுவலகத்தில் எல்லா விதிமுறைப் படிவத்தையும் எப்படிக் கடக்கிறேனோ அப்படியே கீழே இருந்த பொத்தானை அழுத்திக் கடந்தேன். எனக்கு வேண்டியது அடுத்த பக்கம்: கலர் கலராக மால்ட் பட்டியல், பக்கத்தில் பொன்னிறக் கோப்பைப் படம். கிரிஸ்டல் மால்ட்டைக் கூட்டக் கூட்டக் கோப்பை சிவந்துகொண்டே வந்தது. அரை மணி நேரம் அதை வைத்து விளையாடினேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

ஆப் 1.055 என்றது. பத்து பவுண்டு மால்ட்டை உடைத்து, 73 டிகிரி வெந்நீரில் கொட்டினால் கலவை 67 டிகிரியில் நிற்கும் என்றது, நின்றது. அதில் எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. பிறகு ஒரு மணி நேரக் கொதி. கொலராடோவின் காற்று அப்பளம் மாதிரி உலர்ந்தது, என் பானையோ வாய் அகன்றது. ஒரு கேலன் சுண்ட வேண்டிய இடத்தில் ஒன்றரை கேலன் சுண்டியது. குறைந்த அரை கேலனுக்குத் தண்ணீர் ஊற்றினேன். ஆறியதும் ஹைட்ரோமீட்டரை விட்டால் 1.048; சர்க்கரை 65 சதவீதம்தான் இறங்கியிருந்தது. மூன்று வாரம் கழித்து முதல் பாட்டிலைத் திறந்து பெரியவருக்கு ஒரு கிளாஸ் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டுச் சிரித்தார். ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்குப் போய், அந்த நோட்டைக் கொண்டுவந்து, 1987 மார்ச் பக்கத்தைத் திறந்து என் முன்னால் வைத்தார். ‘கசப்பு போதாது.’

ஃபோர்ட் காலின்ஸ் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம். தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஊட்டியில் குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது என்று நமக்குத் தெரியும். ஹாப்ஸும் அப்படித்தான். ஆல்பா அமிலம் உருமாறிக் கசப்பாவதற்குச் சூடு வேண்டும். ஐந்து டிகிரி குறைந்தால் வேகம் கணிசமாகக் குறைகிறது. ஆப் கேட்ட ‘உயரம்’ அதற்குத்தான். நான் கடற்கரையில் நின்று காய்ச்சுவதாக அதனிடம் சொல்லியிருந்தேன்.

அன்று மாலை இருவரும் உட்கார்ந்து அவருடைய 1987 பக்கத்தை என் ஆப்பில் ஏற்றினோம். ஐந்து கேலனையும் முழுதாகக் கொதிக்கவைத்ததாகப் போட்டபோது, முதலில் போட்ட ஒன்றரை அவுன்ஸின் கசப்பு 28 என்று வந்தது. புத்தகம் சொன்ன பீரும் அந்தப் பக்கம்தான் இருந்திருக்கும். அவர் தலையை ஆட்டினார். அந்தக் காலத்தில் அவரிடம் இருந்தது சமையலறை அடுப்பில் அடங்கும் சின்னப் பானை. இரண்டு கேலன் தண்ணீரில் இரண்டு டின் பாகையும் கரைத்து, பாயசம்போல் கெட்டியாகக் கொதிக்கவிட்டு, கடைசியில் மூன்று கேலன் குழாய்த் தண்ணீர் சேர்ப்பாராம். கொதி அளவை இரண்டு கேலன் என்று மாற்றினேன். 28 இருந்த இடத்தில் 15 வந்து நின்றது. கெட்டிச் சாற்றில் கசப்பு சரியாக இறங்காது என்று டின்செத் சொன்னது அதைத்தான். உயரத்தையும் போட்டதும் அதிலும் கொஞ்சம் கழிந்தது. இதெல்லாம் சூத்திரம் சொல்வது, ஆய்வகம் அளந்ததல்ல. ஆனாலும் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு அந்தப் பதினைந்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நோட்டைப் புரட்டி 1991இல் ஒரு பக்கத்தைக் காட்டினார். அதே டின், அதே கிரிஸ்டல் மால்ட், பழைய ஆசைக்குக் காய்ச்சிய ஈடு. ஹாப்ஸ் மூன்று அவுன்ஸ். கீழே: ‘இதுதான்.’ ஒன்றரைக்குப் பதினைந்து என்றால் மூன்றுக்கு முப்பது. ஆப் ஒரு நொடியில் சொன்னதை அவர் கை நான்கு வருடத்தில் கண்டுபிடித்திருந்தது. காரணம் மட்டும் அன்றுதான் தெரிந்தது.

அன்று ஒவ்வொரு தப்பும் ஒரு ஈடு, ஒரு ஈடு என்பது ஒரு மாதம். இன்று அடுப்பைப் பற்றவைக்கும் முன்னால் தப்புச் செய்து திருத்திக்கொள்ளலாம். இதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. பழைய காலமே பொற்காலம் என்று அந்த நோட்டைத் தலையில் வைத்து ஆடவும் தயாரில்லை. அவர் கொட்டிய ஈடுகளின் கணக்கும் அதே நோட்டில் இருக்கிறது. ஆனால் அதில் இருந்த ஒன்று என் ஆப்பில் இல்லை. ‘மழை. கராஜில் எலி. ஈஸ்ட் மூன்று நாள் தூங்கிவிட்டு நாலாம் நாள் பொங்கியது, ஆரஞ்சுத் தோல் வாசனை.’ ஆப்பிலும் குறிப்பு எழுத ஒரு கட்டம் உண்டு. என்னுடையது காலியாகக் கிடக்கிறது. நொதிக்கும்போது ஜாடிக்குள் மிதந்துகொண்டே அடர்த்தியை ஃபோனுக்கு அனுப்பும் ‘டில்ட்’ என்ற கருவி வைத்திருக்கிறேன். சோடா பாட்டில் ஊதுவதற்கு முந்தைய பிளாஸ்டிக் குழாய்க்குள் சின்ன மின்சில்லை வைத்து வீட்டிலேயே செய்துகொள்ளும் ‘ஐஸ்பிண்டல்’ என்ற மலிவான தம்பியும் அதற்கு இருக்கிறது. கோடு இறங்குவதை அலுவலகத்திலிருந்தே பார்க்கலாம். அதனால் ஜாடியின் மூடியைத் திறந்து மோந்து பார்ப்பதையே விட்டுவிட்டேன்.

இன்னொன்றும் மாறியது, அதைப் பற்றித்தான் ஆப் தேடுகிறவர்கள் கேட்பதே இல்லை. நோட்டு அவருடையது. புரோமேஷ் கோப்பும் அவருடைய கம்ப்யூட்டரில்தான் இருந்தது. என் செய்முறைகள் யாரோ ஒருவரின் சர்வரில், வருடச் சந்தாவுக்குக் குடியிருக்கின்றன. இலவசக் கணக்கில் சில செய்முறைகளுக்கு மேல் வைக்க விடாத ஆப்களும் இருக்கின்றன. சந்தா கேட்பதில் தப்பில்லை, சர்வருக்குக் கரண்ட் பில் யார் கட்டுவது? ஆனால் வீட்டுக்காரர் கடையைக் கட்டினால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம் இருக்கிறது. ஒரு காலத்தில் கூட்டம் அலைமோதிய புரூடோட் 2018 முடிவில் மூடப்பட்டது. அறிவிப்பைப் பார்த்து உரிய நேரத்தில் இறக்கிக்கொண்டவர்களின் செய்முறை தப்பியது.

இறக்கிக்கொள்ள ஒரு பொதுமொழி உண்டு: பீர்எக்ஸ்எம்எல். ஒரு மென்பொருளில் எழுதிய செய்முறையை இன்னொன்றில் திறப்பதற்காக 2000-களின் தொடக்கத்திலேயே உருவானது. குறை இல்லாமல் இல்லை. கொதித்து இறக்கியபின் 80 டிகிரியில் ஹாப்ஸ் போட்டு ஊறவைக்கும் இன்றைய பழக்கத்துக்கு அதில் தனி இடம் கிடையாது, பழைய வகையில் எங்காவது திணிக்க வேண்டும். இருந்தாலும் மால்ட் மால்ட்டாகவும் ஹாப்ஸ் ஹாப்ஸாகவும் போய்ச் சேரும். பெரியவரின் புரோமேஷ் செய்முறைகளைப் புது ஆப்புக்கு மாற்ற முயன்றபோது எங்களுக்கு இரண்டு சனிக்கிழமை ஆயிற்று. நேராக ஏறாத பாதியை நான் படிக்க, அவர் ஒவ்வொன்றாகத் தட்டினார். தட்டும்போதே பலதைத் திருத்தினார்.

யாராவது என்னிடம் எதை வாங்கலாம் என்று கேட்டால் பெயர் சொல்வதில்லை. பெரிய நாலைந்தில் எதுவும் மோசமில்லை. பத்து பவுண்டு மால்ட்டை எல்லாமே ஒரே மாதிரிதான் பெருக்குகின்றன. முதல் இரண்டு ஈட்டில் உங்கள் பானையை அளந்து, இறங்கும் சதவீதம், சுண்டும் அளவு, ஊரின் உயரம் மூன்றையும் நீங்களே எழுதுங்கள். கோப்பைப் படத்தோடு விளையாடுவதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். கார்டை எடுப்பதற்கு முன் இலவசக் கணக்கில் ஒரே ஒரு செய்முறையை எழுதி, ஏற்றுமதிப் பொத்தானை அழுத்தி, வந்த கோப்பை இன்னொரு மென்பொருளில் திறந்து பாருங்கள். திறக்கவில்லை என்றால் பணம் கட்டாதீர்கள்.